நான்கு கோப்பைத் தண்ணீர்

786
கொஸ்லந்த
28.4.1985

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் கையெழுத்தைக் கண்டதும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். யாரும் மௌத்தாகவில்லை. இன்னும் இல்லை.

இரண்டு வருடமாக நான் உங்களுக்கு எழுதவில்லை. நீங்கள் அனுப்பிய ஏழு கடிதங்களும் பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடக்கின்றன. என் பிள்ளையை அடக்கிய மூன்றாம் நாள் நீங்கள் குவைத்துக்கு விமானம் ஏறினீர்கள். கூடப்பிறந்தவள் ஒருத்தி பாயில் கிடக்கும்போது எப்படிப் பெட்டி கட்ட மனம் வந்தது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இப்போதும் அதைக் கேட்க எழுதவில்லை.

நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன். ஏழு மாதம். போன புதன்கிழமை கடைக்குப் பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது காலில் சூடாக ஏதோ ஓடியது. குனிந்து பார்த்தால் இரத்தம். வலி இல்லை, குத்து இல்லை, ஒன்றுமில்லை. வலி இருந்தாலாவது என்னவென்று தெரிந்திருக்கும். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். பதுளை ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். இரத்தம் நின்றுவிட்டது, பிள்ளை அசைகிறது. ஆனால் கண்டிக்குப் போய் ‘ஸ்கேன்’ என்று ஒரு படம் எடுத்தே ஆக வேண்டுமாம். நஞ்சுக்கொடி எந்த இடத்தில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். மே 27ஆம் திகதி கிடைத்திருக்கிறது.

கடைக்கு வரும் தோட்டத்துப் பெண்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அந்த வெளிச்சம் பட்டால் பிள்ளை உள்ளேயே கருகிவிடுமாம். ஒருத்தி சொல்கிறாள், “படம் புடிக்கணும்னு கூட்டிக்கிட்டு போயி இனிமே புள்ள உண்டாகாம கொழா அறுத்துட்டு அனுப்பிருவாங்க, பாத்துக்கங்க” என்று. அவரிடம் கேட்டால் “பைத்தியமா ஒனக்கு” என்று சிரிக்கிறார். ஆனால் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை.

நீங்கள் அங்கே ஆஸ்பத்திரியில் அந்த ஸ்கேன் பெட்டி இருக்கிற அறையைக் கூட்டித் துடைக்கிறீர்கள் என்று உம்மா சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன். அது பிள்ளையை என்ன செய்யும்? அதை மட்டும் எழுதுங்கள். எனக்கு வேறொன்றும் தெரிய வேண்டியதில்லை.

நளீரா


குவைத்
10.5.1985

என் தங்கச்சி நளீராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம், வஅலைக்கும் ஸலாம். எத்தனை தடவை எழுதினாலும் போதாது. உன் கடிதத்தைக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். எங்கள் அறையில் எட்டுப் பேர். வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார்கள். தட்டட்டும்.

நீ கேட்டதை முதலில் சொல்கிறேன். அது பிள்ளையை ஒன்றும் செய்யாது. அது எக்ஸ்ரே இல்லை. வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தமாம். வயிற்றுக்குள் போய், பிள்ளையில் பட்டுத் திரும்பி வருகிறதாம், அதைப் பெட்டி படமாகக் காட்டுகிறதாம். இங்கே ஒரு மலையாளத்து நர்ஸ் இருக்கிறாள், அவள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். கத்தி கிடையாது, ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. குழாய் அறுப்பது வேறு அறை, வேறு காகிதம். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதே, அவ்வளவுதான்.

உன்னைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொல்வார்கள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும், வயிறு மட்டும் தெரிந்தால் சரி. பெண் டாக்டர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேள், கேட்பதில் வெட்கமில்லை. வயிற்றில் களிபோல ஒன்றைப் பூசுவார்கள். ஐஸ் மாதிரிக் குளிரும், துள்ளி எழும்பாதே. அந்தக் களியை நிலத்திலிருந்து துடைத்துத் துடைத்து என் இடுப்பு போய்விட்டது. பிறகு சவர்க்காரக் கட்டி அளவில் ஒன்றை வைத்து வயிற்றில் அழுத்தி அழுத்தி நகர்த்துவார்கள். அறை இருட்டாக இருக்கும், படம் தெரிவதற்காக. இருட்டைக் கண்டு நடுங்காதே. டாக்டர் பேசாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கும் நடுங்காதே. அவர்கள் அளந்துகொண்டிருப்பார்கள், நாம்தான் அந்த அமைதியில் பிள்ளையைக் கொன்று அடக்கியும் முடித்துவிடுகிறோம்.

இனி முக்கியமானது, இதைக் கோடிட்டு எழுதுகிறேன்: அந்த அறைக்குள் போவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் பெரிய கோப்பையில் நான்கு கோப்பைத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு ஒன்றுக்குப் போகக் கூடாது. மூத்திரப் பை நிரம்பியிருந்தால்தான் அதற்குப் பின்னால் இருக்கிற கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி தெரியும். உனக்குப் பார்க்க வேண்டியது அந்தக் கீழ்ப்பகுதியைத்தான். இங்கே பெண்கள் வாங்குப் பலகையில் தொடையை இறுக்கிக்கொண்டு இருந்து, அறையை விட்டு வந்ததும் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். நோன்பு மாதம் வந்துவிடும். நீ பிடிக்காதே. கர்ப்பிணிக்கு விலக்கு, நோயாளிக்கு விலக்கு, பயணிக்கு விலக்கு. மூன்றும் நீதான்.

என் மகள் காமிலாவை உம்மா பள்ளிக்கு ஒழுங்காக அனுப்புகிறாரா என்று ஒரு வரி எழுது.

இன்னொரு விசயம் எழுத வேண்டும். அந்த ஏழு கடிதத்திலும் எழுத ஆரம்பித்து எழுதாமல் விட்டது. இதிலும் வேண்டாம். முதலில் நீ போய்ப் படம் எடுத்து வா.

உன் ராத்தா
றஷீனா


786
கொஸ்லந்த
29.5.1985

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை வாசித்ததும் கிழித்துவிடுங்கள். அவருக்கோ உம்மாவுக்கோ ஒரு சொல்லும் போகக் கூடாது. நம்பி எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாததால்தான் நம்புகிறேன்.

உங்கள் கடிதம் 22ஆம் திகதி வந்தது. கோடிட்டதையும் வாசித்தேன், கோடிடாததையும் வாசித்தேன். நான்கு கோப்பை என்று எனக்கு நன்றாகவே தெரியும். அன்று எனக்கு முதல் நோன்பு.

ஆம், நான் நோன்பு பிடிக்கிறேன். இரத்தம் நின்று ஒரு மாதமாகிவிட்டது, உடம்பு தாங்குகிறது. அவருக்குத் தெரியாது. பகலில் எனக்கென்று வைக்கும் சோற்றைப் பின்பக்கம் கோழிகளுக்குப் போட்டுவிடுகிறேன். “இந்தக் கோழியெல்லாம் என்ன இப்பிடிக் கொழுத்துப் போச்சு” என்று நேற்று அவர் கேட்டார்.

ஏன் என்று கேட்பீர்கள். முந்திய பிள்ளையைச் சுமந்தபோதும் நோன்பு மாதம்தான். விலக்கு இருக்கிறதென்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள், நான் பிடிக்கவில்லை, பகல் முழுக்கத் தின்றேன். நோன்பு பத்தில் பிள்ளை போய்விட்டது. பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது மாமி சுவர்ப் பக்கம் திரும்பிச் சொன்னார்: “நோம்பு புடிக்காதவளுக்கு எப்பிடிப் புள்ள தங்கும்?” மாமி மறந்திருப்பார். எனக்கு அது இரண்டு வருடமாகக் காதுக்குள் இருக்கிறது. உண்டானது தெரிந்த அன்றே நேர்ந்துகொண்டேன், இந்த முறை ஒரு நோன்பும் விடமாட்டேன் என்று. ஒன்றை விட்டால் இந்தப் பிள்ளையும் போய்விடும். நீங்கள் என்னவும் சொல்லுங்கள், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

27ஆம் திகதி விடியுமுன் சஹர் நேரத்தில் நான்கு கோப்பைத் தண்ணீரையும் குடித்தேன். நோன்பும் முறியாது, படமும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். சுபஹு தொழுததும் றஹீம் நானாவின் வான் வண்டியில் புறப்பட்டோம். பண்டாரவளை தாண்ட முன்னமே வயிறு முட்டிவிட்டது. வெலிமடை வரை பல்லைக் கடித்தேன். நுவரெலியாவில் முடியவில்லை, இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டேன்.

கண்டியில் படம் எடுப்பது டாக்டர் செல்வநாயகி என்ற யாழ்ப்பாணத்து அம்மா. நல்ல மனுஷி. “தண்ணி குடிச்சனீங்களோ?” என்று கேட்டார். ஆமென்றேன். அது பொய்யில்லைதானே. நீங்கள் சொன்னபடியே எல்லாம். களி குளிர்ந்தது, இருட்டு, அமைதி. பிள்ளையின் இருதயம் பொட்டுப் பொட்டாகத் துடிப்பதைக் காட்டினார். அழுதுவிட்டேன். பிறகு கீழே அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, “பை காலியாக் கிடக்குது பிள்ளை. கீழ ஒண்டும் பிடிபடேல்லை. வெளியில இருந்து தண்ணி குடியுங்கோ, ரெண்டு மணித்தியாலத்தால திருப்பிப் பாப்பம்” என்றார்.

நர்ஸ் ஒரு பெரிய கூசா நிறையத் தண்ணீரும் கோப்பையும் கொண்டு வந்து தந்தாள். அவர் றஹீம் நானாவோடு வாசலில் நின்றார். வாங்குக்குப் பக்கத்தில் கை கழுவுகிற தொட்டி. ஒவ்வொரு கோப்பையாக வாயில் வைத்து எடுத்து, தொட்டியில் ஊற்றினேன். தெறித்துச் சேலையெல்லாம் நனைந்தது. கூசா முடிந்தது. நர்ஸ் வந்து பார்த்து, “ஷோக், ஷோக்” என்று மெச்சித் தோளில் தட்டினாள்.

இரண்டாம் முறையும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. “இவ்வளவு தண்ணியும் எங்க போனது?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு, சிறுநீரகத்தில் கோளாறு இருக்கலாம், சோதிக்க வேண்டும் என்று காகிதம் எழுதிக் கொடுத்தார். அவர் வானில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார், ராத்தா. எனக்காக, இல்லாத ஒரு நோய்க்காக அழுதார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். இருபத்து நான்கு நோன்பு இன்னும் இருக்கிறதே என்று மூடிக்கொண்டேன்.

மறுபடி ஜூன் 17ஆம் திகதி தந்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு அவ்வளவு வரிசை. அதுவும் நோன்புக்குள்தான் வருகிறது. அதற்கிடையில் ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் கிடைத்த வாகனத்தில் வரச் சொன்னார் டாக்டரம்மா. கொஸ்லந்தவில் என்ன வாகனம் கிடைக்கும்? ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் பாயைத் திரும்பிப் பார்க்கிறேன். நான் என்ன செய்ய?

காமிலா பள்ளிக்குப் போகிறாள். பல் ஒன்று விழுந்திருக்கிறது.

நளீரா


குவைத்
7.6.1985

நளீரா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் பயந்து, நாளை ஊருக்குப் போகிற பண்டாரவளை ஜெனீராவிடம் கொடுத்து விடுகிறேன். 17ஆம் திகதிக்கு முன்னால் உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் கடிதம் நேற்று வந்தது. வாசித்துவிட்டு நேரே தந்தி ஆபீசுக்குப் போனேன். உங்கள் கடை முகவரிக்கு, ஸரூக் மச்சான் பெயரில், ‘நளீரா தண்ணீர் குடிக்கவில்லை, நோன்பு பிடிக்கிறாள்’ என்று எழுதி, வரிசையிலும் நின்றேன். என் முறை வந்ததும் காகிதத்தைக் கசக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மச்சான் கட்டாயப்படுத்தி நீ குடித்து, பிறகு பிள்ளைக்கு ஏதாவது நடந்தால், நோன்பை விட்டதால்தான் என்று நீ சாகிற வரைக்கும் நம்புவாய். நீயாகக் குடிக்க வேண்டும். அதற்கு நான் செய்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எழுதிவிட்டால் எனக்குத் தங்கச்சி இருக்கமாட்டாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

முந்திய பிள்ளை நோன்பை விட்டதால் போகவில்லை. என்னால் போனது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தோட்டத்து மருத்துவிச்சி அங்கம்மா உன்னைப் பார்க்க வந்தாள், ஞாபகம் இருக்கிறதா? முந்திய நாள் உனக்குக் கொஞ்சம் இரத்தம் பட்டிருந்தது. நீ அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவள் உன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள், வலியில்லாமல் இரத்தம் பட்டால் நஞ்சுக்கொடி கீழே கிடக்கிறதென்று சந்தேகம், இதை வீட்டில் வைத்துப் பார்க்க என்னால் ஆகாது, இன்றைக்கே பதுளைக்குக் கொண்டு போங்கள் என்று. நான் சரி என்றேன்.

சரி என்றுவிட்டு உள்ளே வந்து உனக்குத் தேநீர் ஊற்றித் தந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். உன்னைப் பதுளையில் சேர்த்தால் கூட நிற்க நான்தான் வேண்டும். உம்மாவுக்கு அப்போது நடக்க முடியாது, உன் மாமி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டார். விமானத்தை விட்டால் விசாவும் போய்விடும். காமிலாவின் வாப்பா எங்களை விட்டுப் போய் அப்போது எட்டு மாதம். எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்று எழுதத்தான் ஆசையாக இருக்கிறது. வழி இருந்தது. சொல்லியிருக்கலாம். ஐந்து நாள்தானே, நான் போன பிறகு மச்சான் கொண்டு போவார், அதுவரைக்கும் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை விடியும்போது நீ கூப்பிட்டாய். பாய் முழுக்க இரத்தம். அந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் எரித்தது நான்தான்.

போன மாதம் இங்கே ஒரு பெண்ணைக் கட்டிலோடு ஆஸ்பத்திரி நடைபாதையில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவள் போன வழியெல்லாம் சொட்டியதை நான்தான் துடைத்தேன். அதே நிறம், அதே வாசனை, அவளுக்கும் வலி இருக்கவில்லையாம். முதலிலேயே ஸ்கேனில் தெரிந்து ஆயத்தமாக இருந்ததால் தாயும் பிள்ளையும் தப்பினார்கள் என்று நர்ஸ் சொன்னாள். நான் வாளியோடு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே கேள். அல்லாஹ் உன்னிடம் கணக்குக் கேட்டு அந்தப் பிள்ளையை எடுக்கவில்லை. நீ தின்றதாலும் குடித்ததாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஒருத்தி வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை, அதனால் நடந்தது. நம்பாவிட்டால் அங்கம்மாவிடம் போய்க் கேள்.

இப்போது நீயும் அதே மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். கைகூப்பிக் கேட்கிறேன், குடி நளீரா. டாக்டரம்மாவிடம் நீ தண்ணீரைக் கொட்டியதைச் சொல். அவர் இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருப்பார், இருக்கிற ஆபத்து பார்வைக்கு வராமலே கிடக்கும்.

றஷீனா


கண்டி
20.6.1985

றஷீனா ராத்தாவுக்கு,

ஸலாம் எழுதக் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள்.

ஜெனீரா 14ஆம் திகதி கடிதத்தைத் தந்தாள். மறுநாள் உம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தோட்டத்துக்குப் போனேன். அங்கம்மா லயத்து வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றுவிட்டது. “ஆமா தாயி, சொன்னேங்க. ஒங்கக்காகிட்ட அன்னிக்கே சொன்னேன், பதுளைக்கு கொண்டு போயிருங்கன்னு. சரின்னாங்க. நீங்கதான் ஆஸ்பத்திரி வேணாம்னு புடிவாதமா இருந்துட்டீங்கன்னு நா நெனச்சிக்கிட்டு இருக்கேன் இத்தன நாளா.” அப்படித்தான் சொன்னாள். இரண்டு வருடமாக அவளும் என் மேல்தான் பழியைப் போட்டிருக்கிறாள். எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் போட்டிருக்கிறீர்கள், நானும் சுமந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் ஏழு கடிதங்களையும் எரிக்கத்தான் எடுத்தேன். எரிக்கவில்லை, பிரித்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் ஏதோ எழுதி மையால் அடித்திருக்கிறது. அது என்னவென்று இப்போது தெரிகிறது.

17ஆம் திகதியும் நான் சஹர் செய்து நோன்புக்கு நிய்யத்து வைத்துத்தான் வானில் ஏறினேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம். இவள் சொல்லி நான் குடிப்பதா என்று. நுவரெலியா தாண்டி றம்பொடை வளைவில் இறங்கும்போது பிள்ளை ஒரு உதை உதைத்தது. வானை நிறுத்தச் சொன்னேன். அருவிப் பக்கத்துத் தேநீர்க்கடையில் தண்ணீர் வாங்கி வரச் சொன்னேன். அவர், “ஏன், ஒடம்புக்கு ஏலாம ஈக்கா?” என்று பதறினார். “நான் நோன்பு” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோழி, கூசா, தொட்டி, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். நாக்கு உலர்ந்த நோன்பாளி, தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து என் வாயில் வைத்தார். முதல் வாயை விழுங்கினேன். வானம் இடிந்து விழும் என்று காத்திருந்தேன். றஹீம் நானா ஹோர்ன் அடித்தார், அவ்வளவுதான் நடந்தது. நான்கு கோப்பையும் குடித்தேன்.

அதற்குப் பிறகு கண்டி வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள், உங்களைச் சிரிக்க வைக்க எனக்கு இஷ்டமில்லை.

டாக்டரம்மாவிடம் கொட்டியதைச் சொன்னேன். “எத்தினை பேர் என்னட்டைப் பொய் சொல்லுகினம் எண்டு இண்டைக்குத்தான் யோசிக்கிறன்” என்றார். பிறகு பெட்டியில் வைத்துப் பார்த்தார். இந்த முறை எல்லாம் தெரிந்தது. நஞ்சுக்கொடி பிள்ளை வருகிற வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம். வீட்டில் வலி வந்திருந்தால் இரண்டு பேரும் மிஞ்சியிருக்க மாட்டோம் என்று அவரிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படியே. ஊருக்குத் திரும்பிப் போக விடவில்லை. அப்படியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

இன்று பகல் மறுபடி இரத்தம் பட்டது. கொஞ்சம்தான். நாளை காலை ஒன்பது மணிக்கு ஒப்பரேஷன். அவரும் றஹீம் நானாவும் இரத்தம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாக் காகிதத்தையும் வாசித்துக் காட்டச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது ராத்தா. உங்கள் மேல் கோபத்தைப் பிடித்து வைத்திருக்கப் பார்க்கிறேன், பயம் அதையும் தள்ளிக்கொண்டு வருகிறது. கண்ணை மூடினால் முந்தியவனின் முகம். எனக்கு அவன் முகம் நேராக ஞாபகமும் இல்லை, துணி மூடியிருந்தது.

இந்தப் பின்னேரம் தொடக்கம் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாதாம், மயக்க மருந்து கொடுப்பதால். நேற்றுப் பிறை தெரியவில்லை, அதனால் நாளை பெருநாள். பெருநாளில் உலகத்தில் ஒருவரும் நோன்பு பிடிக்கக் கூடாது, எனக்கு மட்டும் டாக்டரம்மா பிடிக்கச் சொல்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் கூசா இருக்கிறது. தாகமாக இருக்கிறது.

துஆச் செய்யுங்கள். அதையாவது செய்யுங்கள்.

நளீரா


குவைத்
26.6.1985

தங்கச்சிக்கு,

17ஆம் திகதி போய் ஒன்பது நாளாகிவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. தபால்காரன் வருகிற நேரத்தில் நான் எந்த மாடியில் துடைத்துக்கொண்டிருந்தாலும் கீழே ஓடுகிறேன், மேஸ்திரி ஏசுகிறான். பெருநாளுக்கு இங்கே ஆட்டிறைச்சிச் சோறு தந்தார்கள். ஒரு கவளம் வைத்தேன், மீதியை வாளியில் கொட்டிவிட்டேன்.

ஸ்கேன் அறையைத் துடைக்க எனக்கு இப்போது முடியவில்லை. அந்த இருட்டில் கட்டிலைப் பார்த்தால் நீ படுத்திருக்கிறாய். வேறு பகுதி கேட்டிருக்கிறேன்.

குடித்தாயா? ஒரு சொல் எழுது. ஏசி எழுது, பரவாயில்லை. நீ உயிரோடு இருந்து என்னை ஏசினால் எனக்கு அதுவே பெருநாள்.

றஷீனா


786
கொஸ்லந்த
6.7.1985

றஷீனா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பெண் பிள்ளை. ஐந்து இறாத்தல் நிறை. பெருநாளன்று காலை ஒன்பதே முக்காலுக்கு. வெளியே பள்ளிவாசலில் தக்பீர் கேட்டுக்கொண்டிருந்ததாம், எனக்கு நினைவில்லை. நினைவு வந்ததும் முதலில் நான் கேட்டது தண்ணீராம். பிள்ளையைக் கேட்கவில்லை என்று அவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். கேட்கப் பயமாக இருந்தது, அதனால்தான்.

தையல் இன்னும் இழுக்கிறது. இரத்தம் நிறையப் போனதால் எழும்பினால் தலை சுற்றுகிறது. மாடிப்படி இறங்கி ஓடாதீர்கள், விழுந்து வைப்பீர்கள்.

நேற்று பெயர் வைத்தோம். நபீலா. கடைக்கு வருகிற பெண்கள், பக்கத்து வீட்டார், எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் சொன்னதில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மாமி பிள்ளையைத் தூக்கி வைத்து எல்லோரிடமும், “எங்க மருமகள் யாருக்கும் தெரியாம நோம்பு புடிச்சிருக்கா. அதுதான் அல்லாஹ் இந்தப் புள்ளையத் தந்திருக்கான்” என்று பெருமையாகச் சொன்னார். எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். கூட்டத்தில் ஒரு சின்னப்பெண், ஏழு மாத வயிற்றோடு, அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். “இல்ல மாமி. நான் நோம்ப முறிச்சி தண்ணி குடிச்சேன். அதுனாலதான் டாக்டருக்குப் படம் தெரிஞ்சிச்சி, புள்ள தப்பிச்சி. முந்தின புள்ளயும் நோம்பு புடிக்காததுனால போகல்ல.” மாமி பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இன்னும் பேசவில்லை. ஆனால் காலையில் வெந்தயக் கஞ்சி வந்து கட்டிலடியில் இருந்தது.

மூத்தவன் ஏன் போனான் என்று பிள்ளையின் வாப்பா கேட்டார். நீங்கள் எழுதியதை நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் எழுதவில்லை. அதை வந்து நீங்களே அவரிடம் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொல்ல வேண்டியது ஏற்கனவே ஒருமுறை சொல்லாமல் போயிருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு கூசாத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதுதான். மன்னிக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இந்தப் பிள்ளையும் இல்லை, நானும் இல்லை. இரண்டையும் ஒரே கையில் பிடிக்கத் தெரியவில்லை எனக்கு.

ஒன்று மட்டும் செய்யுங்கள். இரண்டு வருடமாக ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் மூத்தவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன், நான் தின்றதற்கும் குடித்ததற்கும். இனி அதை நீங்கள் கேளுங்கள். எனக்கு நேரமில்லை. பிள்ளை பாலுக்கு அழுகிறாள்.

நளீரா